பேய்க்கணவாய்க்குப் போன பார்வை

காலையில் வாரியத்துக்குள் நுழையும்போது நாங்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வதில்லை. "ஐயா தூங்கினாரா?" என்றுதான் கேட்போம். "நல்லாத் தூங்கினாராம்" என்று பதில் வந்தால் அன்றைக்கு வேலை நடக்கும். "கொசு கடிச்சுதாம்" என்றால் பாதிப் பேர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். ஐயாவின் பக்கத்து வீட்டு நாய் இரவில் குரைக்கிறது என்பதற்காக, அரசாங்கச் செலவில் அதற்குத் திருவாரூரில் வீடு கட்டிக்கொடுத்தார்கள். மாடி வீடு. நானே போய்ப் பார்த்தேன்.

ஐயா நடைபாதையில் வந்தால் எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட வேண்டும். அதுதான் மரியாதை. முகத்தைக் காட்டினால் அவர் கண் அதில் படும். 'இந்த ஆள் ஏன் இளைத்துவிட்டான்?' என்று ஒரு நினைப்பு ஓடும். அந்த நினைப்பில் ஒரு பார்வை செலவாகிவிடும். கணக்குப் பிரிவில் ஒரு பெண் தெரியாத்தனமாகப் புது மூக்குத்தியோடு எதிரே வந்துவிட்டாள். அன்றைக்கு ஒரு படகுத்துறை திறக்கவே இல்லை.

ஐயா என்பது கலியமூர்த்தி. நாகைக் கடல்மதில் வாரியத்தின் தலைமை நோக்கர். கடல் எங்கள் ஊரைவிட உயரமாகி ரொம்ப காலம் ஆகிறது. நடுவில் மதில், மதிலில் வரிசையாக மதகுகள். அவற்றை இயக்குவது மதியந்திரம். முன்பெல்லாம் அதுவே யோசித்து அதுவே முடிவெடுத்துக்கொண்டிருந்தது. ஒரு புயலில் அது கணக்குப் போட்டு ஒரு குப்பத்தை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டது. யார் பொறுப்பு என்று கேட்டபோது கைகாட்ட ஒரு ஆள் இல்லை. அப்புறம்தான் சட்டம் வந்தது: மனிதக் கவனம் படாத முடிவு செல்லாது.

அதிகாரிகள் படிக்காமலே சம்மதம் சொல்லிப் பழகியவர்கள். ஆகவே நோக்குமானி என்று ஒரு நெற்றிப்பட்டை கண்டுபிடித்தார்கள். உண்மையாகக் கவனித்தால் பச்சை எரியும். கவனிக்கிற மாதிரி நடித்தால் எரியாது. அப்படி அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு மனிதனிடம் ஒரு நாளைக்கு உண்மையான கவனம் முப்பது, முப்பத்தைந்து பார்வைதான் ஊறுகிறது. தீர்ந்தால் பட்டை சாம்பல் நிறமாகிவிடும். மறுநாள் தூங்கி எழுந்தால்தான் மறுபடி ஊறும். நோக்கர்களை அதிகமாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஒன்பது பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் கவனிப்பதிலேயே தீர்ந்துபோனார்கள்.

அதனால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஈர்ப்பாளர் உண்டு. ஐயாவின் கண்ணைத் தன் பிரிவின் பக்கம் இழுப்பதுதான் அவர் வேலை. நான் கேன்டீன் ஈர்ப்பாளர். என் சர்வீஸில் எங்கள் சாம்பார் பற்றி ஏழு கலவரங்கள், ஒரு உண்ணாவிரதம், ஒரு காதல் தற்கொலை முயற்சி ஆகியவற்றை நடத்திக் காட்டியிருக்கிறேன். விளைவு, எங்கள் சாம்பாருக்கு மட்டும் துவரம்பருப்பு மூன்று மாநிலத்திலிருந்து வந்தது. அதைச் சாப்பிட்ட ஜப்பான்காரர் ஒருவர் ஊர் திரும்ப மறுத்துக் கீழ்வேளூரில் கல்யாணம் செய்துகொண்டார். கேன்டீன் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மதில் தெரியும். அங்கங்கே கம்பி வெளியே வந்து துருப்பிடித்திருக்கும்.

ஏழாம் மதகுக்குப் பொறுப்பு அமலோற்பவம். நேர்மையான பொம்பளை, ஆகவே அவளுக்குப் பார்வை கிடைத்ததே இல்லை. மதகுக் கதவின் கீல் துருப்பிடித்துப் போனது, மாற்ற வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கீல் தேய்மானம், மாற்ற அனுமதி தேவை" என்ற ஒரே வரி. மதியந்திரம் அதை ஐயாவின் முன் காட்டும். பட்டை எரியாது. அடுத்தது.

ஒரு மத்தியானம் அவளும் அவள் தம்பி இன்னாசியும் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். இன்னாசிக்கு எட்டாம் மதகில் வேலை. மதகுக் கிணற்றுக்குள் இறங்கிச் சிப்பி சுரண்டுவது.

"அண்ணே, ஒரு கீலுக்கு எப்படிண்ணே கூத்துக் கட்றது?" என்றாள் அமலோற்பவம்.

"கீல் அழுவுதுன்னு சொல்லு. ராத்திரியில உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுதுன்னு சொல்லு."

"பொய் சொல்ல வராதுண்ணே."

"அக்காவுக்குப் பொய்யும் வராது, சமையலும் வராது. மாமா பாவம்" என்றான் இன்னாசி.

"வாய மூடிட்டுத் தின்னுடா. கிணத்துல எறங்குறப்ப கயிறு கட்டுறியா இல்லையா நீ?"

"மூணு வருஷமா ஒரு கீல மாத்தத் துப்பில்ல. நீ எனக்குச் சொல்றியா?"

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவன் அவள் அப்பளத்தை எடுத்துக்கொண்டான்.

"பொய் வேண்டாம். உள்ளதுல எது வேடிக்கையோ அத மட்டும் காட்டு" என்றேன் நான்.

ஒரு வாரம் கழித்து அவளுக்கு வேடிக்கை தானாகக் கிடைத்தது. கீல் இடுக்கு வழியாகக் கடலிலிருந்து ஒரு பேய்க்கணவாய் உள்ளே வந்துவிட்டது. எட்டுக் கையும் எலும்பில்லாத உடம்புமாக, மதகு அறையில் டீ கிளாஸுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தது. அவள் அதைக் கண்ணாடித் தொட்டியில் விட்டாள். மதியந்திரத்துக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள்: "ஏழாம் மதகில் வழிந்து வந்த விருந்தாளி. ஐயா நேரில் பார்க்கவும்."

ஐயா வந்தார். வேடிக்கை பார்க்க ஏழாம் மதகில் கூடியிருந்த நாங்கள் வரிசையாகச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றோம். நான் கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஐயாவின் பட்டை, இளநீர்க் காய் மாதிரி அப்படி ஒரு பச்சை.

"இது எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

"கீல் இடுக்கு வழியாங்க ஐயா."

"இவ்ளோ பெரிசு?"

"இடுக்கும் அவ்ளோ பெரிசுங்க ஐயா."

"மாத்திடு" என்றார் ஐயா. மூன்று வருஷத்து வேலை, ஒரே சொல். அமலோற்பவம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அத்தோடு அவர் போயிருக்கலாம். போகவில்லை. அது நிறம் மாறியதைப் பார்த்தார். ஊறுகாய் பாட்டில் மூடியை அது திருகித் திறந்ததைப் பார்த்தார். ஒரு முறை மூடி மறுபடி கொடுக்கச் சொன்னார். அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகியிருந்தது. அந்த மனுஷன் வேலைக்கு வந்த நாளிலிருந்து தனக்குப் பிடித்த ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் கடல் ஏறிக்கொண்டிருந்தது. எட்டாம் மதகுக் கிணற்றில் இன்னாசி இருந்தான். வெளிப்பலகை ஒன்று பெயர்ந்து தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. அலை ஏறினால் கிணற்றின் மேல்மூடி தானாகப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறந்தால் அவன் வெளியே வரலாம். கூடவே கடலும் வந்து இரண்டு தெருவை நனைக்கும். ஆகவே அது ஒரு முடிவு. முடிவென்றால் பார்வை வேண்டும். மதியந்திரம் தன் வழக்கமான குரலில் வரிசையில் சேர்த்தது: "எட்டாம் மதகு. நீர் ஏறுகிறது. உள்ளே ஒருவர். மேல்மூடியைத் திறக்கலாமா?"

ஐயாவிடம் அப்போது ஒரே ஒரு பார்வை மிச்சம் இருந்தது. பேய்க்கணவாய் ஒரு கையை நீட்டிக் கண்ணாடியில் அவர் விரல் இருந்த இடத்தைத் தொட்டது. அவர் குனிந்து பார்த்தார். பட்டை சாம்பலாயிற்று.

அதற்கப்புறம்தான் அந்தக் குரல் அவர் காதில் விழுந்தது. "திற! திற!" என்று கத்தினார்.

"மன்னிக்கவும். இன்றைய நோக்கு தீர்ந்துவிட்டது" என்றது மதியந்திரம்.

"கவனிச்சுட்டுத்தான் இருக்கேன், சனியனே! திற!"

அவர் கவனிக்கவில்லை, பதறிக்கொண்டிருந்தார். பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியும். அதற்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் கடப்பாரைகளோடு எட்டாம் மதகுக்கு ஓடினோம். கேன்டீன் ஆட்கள் அடுப்பு இரும்பையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். மூடி எங்களுக்கு அசையவில்லை. உள்ளேயிருந்து இன்னாசி தட்டிக்கொண்டிருந்தான். அமலோற்பவம் மூடியின்மேல் குப்புறப் படுத்து, அவன் தட்டத் தட்டத் தானும் தட்டினாள். பிறகு அவள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள்.

விசாரணை நடந்தது. யாரும் தவறு செய்யவில்லை என்று தெரிந்தது. ஏழாம் மதகுக்கு அந்த வாரமே புதுக் கீல் வந்தது. பித்தளைப் பூண் போட்டது. ஆசியாவிலேயே அழகான கீல் என்று சொல்கிறார்கள்.

அடக்கத்துக்கு ஐயா காலையிலேயே வந்தார். நன்றாகத் தூங்கிவிட்டு வந்திருந்தார். அன்றைய பார்வை முழுசாக இருந்தது. தெருவில் நின்ற நாங்கள் பழக்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பினோம். அவர் நேராக உள்ளே போய், பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமலோற்பவத்தின் முன்னால் நின்றார். அவளையே பார்த்தார். அவர் நெற்றியில் பச்சை எரிந்தது. நடிப்பில்லாத பச்சை. ஒரு பார்வை போயிற்று, இன்னொன்று போயிற்று. அவர் நகரவில்லை.

அமலோற்பவம் தலை நிமிர்ந்து அந்தப் பச்சையைப் பார்த்தாள். வெளியே, மதிலுக்கு அப்பால், அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்தாள். தம்பிக்கு முதுகைக் காட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"என்னப் பாக்காதீங்க ஐயா" என்றாள் சுவரிடம். "வேற எங்கயாவது பாருங்க. இப்ப எந்தக் கிணத்துல எவன் உள்ள இருக்கானோ."