பைக்கு அடியில் ஒரு கை

மூன்றாவது வளைவைத் தாண்டியபோது முதுகுப்பையின் எடை குறைந்தது.

குறைய வழியே இல்லை. காலையில் புறப்பட்ட கிராமத்தில் வாங்கிய ரொட்டி, இரண்டு பேருடைய துணிமணி, கம்பளி, தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வழியில் எதையும் எடுக்கவில்லை. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக்குக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எடை காணாமல் போகாது. இங்கே குறைந்தால் வேறு யாரோ தாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

தாங்குவது யாரென்றும் அவருக்குத் தெரியும். ஒட்டடைக்குச்சிதான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பட்டப்பெயர் வாங்கிய பக்கத்து பெஞ்சுக்காரன், பிறகு தங்கையைக் கட்டிக்கொண்ட மச்சான். சற்று முன்பு ஓடைக்கரையில், ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டதென்று ஒரு கல்லில் உட்கார்ந்தவன், "நீ நட மச்சான், ஒரு கயிறு கட்டிட்டு வந்துடறேன். உன் ஆமை நடைக்கு நான் நொண்டி அடிச்சே பிடிச்சுடுவேன்" என்று அனுப்பிவைத்திருந்தான். சொன்னபடியே பிடித்துவிட்டான்.

"கையை எடுடா. உடம்பு முடியாதவன் நீயா, நானா?" என்றார் திரும்பாமலே.

பதில் இல்லை. கையும் விலகவில்லை. திரும்பிப் பார்க்கவும் ஒரு தெம்பு வேண்டுமே. ஒற்றையடிப் பாதை, இடப்பக்கம் பள்ளம், முழங்காலில் விடியற்காலையிலிருந்து யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளுக்குள் நன்றியாகத்தான் இருந்தது. தாங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

புறப்படும்போது தங்கை வாசல்வரை வந்து காதோரம் சொல்லியிருந்தாள். "அண்ணா, அவருக்கு திடீர் திடீர்னு சர்க்கரை இறங்கிடுது. போன மாசம் பாத்ரூம்ல விழுந்து கிடந்தார். தனியா விட்டுடாதே. குளுக்கோஸ் உன் பையிலேயே இருக்கட்டும், அவர்கிட்ட கொடுத்தா எங்கயாவது வச்சுட்டு வந்துடுவார்." டாக்டர் நடக்கச் சொன்னார் என்பதற்காக மலையைத் தேடிப் போகிற புருஷனை அவளால் வேறு என்ன செய்ய முடியும். பார்த்துக்கொள்கிறேன் என்று இவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மதியம் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. நனைந்த பாறையின் வாசனையும், மிதிபட்ட இலைகளின் கசந்த வாசனையும், அவற்றுக்கு அடியில் பல நாள் காயாமல் மூட்டையில் கிடந்த துணியின் நெடியும் சேர்ந்து மூக்கை அடைத்தன. அடுத்த கிராமம் மலை உச்சிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சாயங்காலத்துக்குள் அங்கே போய் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினால் போதும், சோறுகூட வேண்டாம் என்றிருந்தது அவருக்கு. களைப்பு தெரியாமல் இருக்க ஏதேதோ பேசினார். பழைய வாத்தியார், அறுந்துபோன ஒரு லிஃப்ட் கம்பி, தங்கை கல்யாணத்தன்று மச்சானுடன் போட்ட சண்டை. "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா" என்று, இத்தனை வருடம் சொல்லாததையும் சொல்லிவிட்டார்.

அதற்கும் பதில் இல்லை.

ஒட்டடைக்குச்சி வாய்க்கு ஓய்வு கொடுக்காதவன். தூக்கத்தில்கூடப் பேசுவான் என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள். மேல்மூச்சு வாங்குகிறது போலும் என்று நினைத்துக் காது கொடுத்தார். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. தன் ஷூவுக்கடியில் சரளைக்கல் நொறுங்குவது கேட்டது. நின்றார். அது உடனே நின்றது. இன்னொரு ஷூ பின்னால் வந்து நிற்கும் சத்தம் வரவில்லை.

இடுப்பளவு பாறை ஒன்று குறுக்கிட்டது. கையை ஊன்றி ஏறினார். பை அவரோடு சேர்ந்து, எடை கூடாமலே, அதே உயரத்துக்கு வந்தது. அப்போதுதான் மெக்கானிக்கின் மூளை வேலை செய்தது. நடக்கிற மனிதனின் கை அடிக்கு அடி ஏறி இறங்கும். இந்தக் கை இத்தனை நேரமாக ஒரு தடவைகூட ஏறி இறங்கவில்லை. புதிதாக எண்ணெய் போட்ட தண்டவாளத்தில் லிஃப்ட் வருவதுபோல, ஆட்டமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.



"மச்சா...ன்!"

குரல் பின்னாலிருந்து வரவில்லை. கீழே, வெகு கீழேயிருந்து வந்தது.

பாதை மடிந்து மடிந்து ஏறியதால் ஓடை நேர் கீழேதான் இருந்தது. பனி ஒரு கணம் விலகியது. அதே கல். அதன்மேல் சாய்ந்தபடி மஞ்சள் மழைக்கோட்டு. ஒரு கை தூக்கப் பார்த்தது, பாதியில் விழுந்தது. பனி மூடிக்கொண்டது.

அவன் அங்கிருந்து நகரவே இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டானோ. இவர் பேசிக்கொண்டே ஏறியிருக்கிறார்.

குளுக்கோஸ் பையில். பை அந்தக் கையில்.

திரும்பிப் பார்க்காதே. எடு. ஓடு. இறக்கம்தான், அரை மணி நேரம் போதும்.

கையைப் பின்னால் வளைத்துப் பக்கவாட்டு ஜிப்பைத் தேடினார். திறந்தது. பாக்கெட் கையில் வந்தது. மார்பு வாரைக் கழற்றினார். இடது தோள். வலது தோள். வெளியே வந்துவிட்டார்.

பை விழும் சத்தத்துக்குக் காத்திருந்தார்.

விழவில்லை.

"வந்துட்டேன்டா!" என்று கீழே பார்த்துக் கத்தினார். ஒரு காலைத் திருப்பினார்.

இரண்டு அக்குளுக்கும் அடியில் இரண்டு கைகள் நுழைந்தன. முரட்டுத்தனம் இல்லை. நடந்து களைத்த குழந்தையைத் தூக்குகிற பதம். குளிர்ச்சி. அந்த ஈரத்துணி நெடி.

முழங்கால் வலி நின்றது. விடியற்காலையிலிருந்து முதல் தடவையாக.

"மச்சான்... எங்கடா இருக்க?" கீழேயிருந்து அதே குரல், முன்னைவிட மெலிதாக.

உதறினார். உதைத்தார். கால்களுக்குத் தரை கிடைக்கவில்லை. குளுக்கோஸ் பாக்கெட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். ஷூ நுனிக்கு ஒரு சாண் கீழே பாதை, கல் கல்லாக, வளைவு வளைவாக, ஆட்டமே இல்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மேலே. மேலே.