இரண்டு இழுப்பு

இராசபாளையத்தில் அய்யூபின் மின்பொருள் கடைக்கு ஆவுடையப்பன் வந்து சேர்ந்தபோது ஐப்பசி மழை சற்றே விட்டிருந்தது. நீருக்கடியில் எரியும் விளக்கொன்று அவனுக்கு வேண்டும். மோட்டார்க் குழாயின் அடிமுனை ஃபுட்வால்வில் அடைத்த பாசியை எடுக்க மம்சாபுரத்துக் கிணற்றில் மூழ்கிய அண்ணன் பால்சாமி மேலே வரவில்லை. இடுப்புக் கயிறு மட்டும் அறுந்து வந்தது. மழை ஓயட்டும் என்று கெஞ்சியவனை இறக்கிவிட்ட கிணற்றுச் சொந்தக்காரர், அதன்பின் அந்தப் பக்கம் தலைகாட்டவும் இல்லை. அவரும் மனிதர்தாமாம்!

தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களிடம் வாங்கிய இரு விளக்குகளை அய்யூப் எடுத்து வைத்தார். ஒன்று அகலமாய் ஒளி பரப்பும். மற்றொன்று ஊசிபோல் ஒரே கோடாய்ப் பாயும்.

"கலங்கத் தண்ணியில அகல வெளிச்சம் திரும்பி ஒன் கண்ணத்தான் அடிக்கும்லே. சின்னத எடு."

ஆவுடையப்பன் பெரியதையே எடுத்தான். அண்ணன் முகம் முழுதாய்த் தெரியவேண்டும். மதினி இருளம்மாள் ஒன்றுதான் கேட்டிருந்தாள்: "கண்ணு முழிச்சிருந்தா அங்கனயே மூடிட்டுக் கொண்டாங்க, கொழுந்தனாரே. பிள்ளைக பயந்துரும்."

கிணற்றடியில் அறுந்த கயிற்றையே முடிச்சிட்டு அவன் இடுப்பில் கட்டி, மேலே இருளம்மாளே பிடித்துக்கொண்டாள். அண்ணன் மூழ்கும்போதெல்லாம் அவளோடு வைத்திருந்த சைகைதான்: ஓர் இழுப்பு என்றால் இன்னும் கயிறு விடு. இரண்டு என்றால் வாரேன், தூக்கு.

அழுகிய இலையும் மோட்டார் எண்ணெயும் நாறிய நீரில் மூச்சடக்கி மூழ்கினான். விளக்கைப் போட்டதும் கலங்கல் வெண்சுவராய் எழுந்து கண்ணை மறைத்தது. தன் கையே தெரியவில்லை. அணைத்துவிட்டான்.

கயிறு இருமுறை இழுபட்டது.

மதினி அழைக்கிறாள் என்று எண்ணி, கயிற்றைப் பற்றியபடி நகர்ந்தான். கயிறு மேலே செல்லவில்லை.

பக்கவாட்டில் சென்றது.

சுவர்ப் பொந்தில் விரல்கள் தட்டுப்பட்டன. அவை கயிற்றை இறுகப் பற்றியிருந்தன.

தடவித் தடவி முகத்தைக் கண்டான். திறந்திருந்த இமைகளை இருட்டிலேயே மூடினான். அவன் சைகை கொடுக்குமுன்பே கயிறு இருவரோடும் மேலேறத் தொடங்கியது.

கரையில் இருளம்மாள் அழவில்லை.

"ரெண்டு இழுப்பு வந்துச்சு. ஒங்க இழுப்பு இல்ல. அவிய இழுப்பு."

எரியூட்டி வந்தபின் கயிற்றைச் சுருட்டி வீட்டுச் சுவரில் ஆணியில் மாட்டினார்கள். மழைக்காலம் போய் வெயில் வந்தது. காற்றில்லாத ஒரு பகலில் அது இருமுறை விறைத்துத் தளர்ந்ததை ஆவுடையப்பன் கண்டான். இருளம்மாளும் கண்டாள். உலையை இறக்கிவைத்துவிட்டு வந்து, கயிற்றைப் பற்றிக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கலானாள்.

சுருள் முழுதும் தீர்ந்தது.

கயிறு இன்னும் வந்துகொண்டிருந்தது, ஈரமாக.