முகம் மட்டும் பொய்

“வீடியோ பொய் சொல்லுமாடி?”

அக்கா ஒருமுறை அவளிடம் கேட்ட கேள்வி.

இன்று காலை அந்த அக்கா, வெளி மாடிப்படியின் அடியில்... கொட்டும் மழையில்... பிணமாகக் கிடந்தாள்!

மாலையில் அகப்பட்டது வீட்டுக் கேமராப் பதிவு. மஞ்சள் மழைக்கோட்டு. இரண்டு கைகளாலும் ஒரே தள்ளு. பிறகு கேமரா பக்கம் திரும்பிய முகம்...

அவளுடைய முகம்!

இன்ஸ்பெக்டர் செல்போனை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“இது யாரும்மா?”

“முகம் என்னோடது சார்.”

“அப்ப ஒத்துக்கறே?”

“முகத்தை ஒத்துக்கறேன். கொலையை இல்ல!”

சோபாவில் இருந்த அக்காவின் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“கூடப் பொறந்தவளைக் கொன்னுட்டு வாயைப் பாருங்க சார்!”

“அழுகையை நிறுத்துங்க மாமா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியக் காணோம்!”

கீழ்த்தளத்தில் மாமாவுக்கு விளம்பர ஸ்டூடியோ. ஒருவர் உடம்பில் இன்னொருவர் முகத்தை ஒட்டுவதில் மன்னன். பச்சைத் துணிக்கு முன்னால் அவள் நடப்பாள். அந்த உடம்பில் மாமா அழகிகளின் முகங்களைப் பொருத்துவார்.

இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார்.

“போலி வீடியோன்னு சொல்லப் போறே. இப்பல்லாம் பூட்டை உடைச்சவன்கூட, ‘அது கம்ப்யூட்டர் வேலை சார்’ங்கறான்!”

“இல்ல சார். வீடியோ நிஜம்!”

மாமாவின் கர்ச்சீப் பாதியில் நின்றது.

“தள்ளின கை நிஜம். முகம் மட்டும் பொய்! என் மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு இவரே தள்ளினாரு. அப்புறம் தன் முகத்து மேல என் முகத்தை ஒட்டிட்டாரு.”

“எதுக்கு?”

“இவரு பொய் வீடியோ செஞ்சு ஆளுங்களை மிரட்டறது அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு. போலீசுக்குப் போறேன்னா. காலையில நடந்த கொலைக்கு சாயங்காலம்தான் வீடியோ வருது. யார் சார் கொடுத்தது?”

“உங்க மாமாதான். அதிர்ச்சியில மறந்துட்டாராம்.”

மாமா நிமிர்ந்தார். “எங்க வேணா கொடுத்துப் பரிசோதிங்க சார். நான் பயப்படல!”

“ஆதாரம் இல்லாம பேசினா உன்னைத்தான்மா கூட்டிட்டுப் போகணும்.”

அவள் செல்போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

சிரித்தாள்!

மறு கையின் நகங்கள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டிருந்தன.

“சே... இதுக்கா பயந்தேன்? படு மட்டம்! நெத்தி ஒரு பக்கம், காது ஒரு பக்கம்!”

“சும்மா இரு” என்றார் மாமா.

“தாடையைப் பாருங்க சார். பிஞ்ச செருப்பைத் தைச்ச மாதிரி! கத்துக்குட்டிப் பயல் எவனோ ஒட்டியிருக்கான்.”

மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

“வேலை தெரியாதவன், பாவம்... பொழப்புக்கு வேற ஏதாவது பார்க்கலாம்!”

“ஏய்! தாடையில என்னடி குறை? ஒவ்வொரு மழைத்துளியும் உன் கன்னத்துல வழியற மாதிரி இழைச்சிருக்கேன்! வேற எவனால முடி...”

பேச்சு அறுந்தது.



“பிரமாதமான வேலை சார்!” இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். “செஞ்சவர் யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு!”

மாமா எழுந்தார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஜீப்பை நோக்கி நடந்தார்.

என்ன... அந்த மௌனம் ஒரு நிமிடம் தாமதம்!