நாற்றம் எட்டவில்லை

பல் செட் செய்யும் கூடத்தில் மதிய இடைவேளை நாற்பது நிமிடம். அன்று வெள்ளிக்கிழமை. கையில் ஒட்டியிருந்த வெள்ளை மாவைக் கழுவிவிட்டு, ஒரு கையால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி மறு கையால் கைப்பேசியில் ‘உரைகல்’லுக்குள் நுழைந்தாள் அவள்.

உரைகல் என்பது எழுதுகிறவர்கள் கூடும் இணையக் குழு. ஒருவர் கதையை இன்னொருவர் உரசிப் பார்த்து, பொன்னா பித்தளையா என்று சொல்லும் இடம். அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். தன் தொழிலை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் ‘பல்லக்கா’.

குழுவில் ஒரே ஒரு சட்டம் உண்டு. மூன்று பேருடைய கதைக்குப் பின்னூட்டம் எழுதினால்தான் உன் கதையைப் போடலாம். நல்ல சட்டம்தான். ஆனால் எந்த நல்ல சட்டத்துக்கும் ஒரு சந்து இருக்குமே. பின்னூட்டம் எழுதினாயா என்றுதான் இயந்திரம் பார்க்கும். படித்தாயா என்று பார்க்காது.

இரண்டு மணிக்கு அந்த வாரத்து வாசல் மூடிவிடும். அவளுடைய கதை தயாராக இருந்தது. மகளைப் பற்றிய கதை; ஆறு மாதம் உட்கார்ந்து இழைத்தது. இரண்டு பின்னூட்டம் எழுதியாயிற்று. இன்னும் ஒன்று வேண்டும். பதினோரு நிமிடம் இருந்தது.

வரிசையின் அடியில் ஒரு கதை கிடந்தது. ‘பதினோரு நாள்.’ எழுதியவர்: ஓரத்து வீடு. போட்டு நாற்பது நாளாகியும் ஒரு பின்னூட்டம்கூட இல்லை.

திறந்தாள். முதல் வரி: ‘அறையில் நாற்றம் எழத் தொடங்கியது மூன்றாம் நாள்.’

இரண்டாவது வரியை அவள் படிக்கவில்லை. இதுபோன்ற அவசரத்துக்கென்றே அவளிடம் சில வாக்கியங்கள் இருந்தன. எந்தக் கதைக்கும் பொருந்தும் பல் செட் மாதிரி. தட்டினாள்: ‘கரு நன்று. ஆனால் நாற்றம் என்று சொல்கிறீர்களே தவிர, எனக்கு அது எட்டவில்லை. சொல்லாதீர்கள், உணர வையுங்கள்.’

அவள் டப்பாவை மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

‘நன்றி பல்லக்கா. நாற்பது நாளில் முதல் பின்னூட்டம். நீங்கள் சொன்னபடியே திருத்துகிறேன்.’

மனசில் சுருக்கென்று ஒரு முள் தைத்தது. பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் கதையைப் போட்டாள். வேலைக்குத் திரும்பினாள்.

சனிக்கிழமை காலை வீட்டில் நாற்றம் வந்தது.

முதலில் லேசாகத்தான். பூச்சாடியில் ஒரு வாரம் மாற்றாத தண்ணீர் மாதிரி. நாற்றத்துக்கு அஞ்சுகிறவள் இல்லை அவள். ஊர் வாயெல்லாம் அச்செடுத்து வந்து அவள் மேசையில் கிடக்கும். வாய் நாற்றம்தான் அவளுக்குச் சோறு போட்டது. ஆனால் இது வேறு. இனிப்பாக இருந்தது. அழுகிய பழத்தின் இனிப்பும், அதற்கு அடியில் ஈர ரோமம் கருகியதுபோல ஒன்றும். மூக்கில் நுழைந்து தொண்டையின் பின்புறத்தில் எண்ணெய்ப் படலமாக ஒட்டிக்கொண்டது.

எலி செத்திருக்கும் என்று அலமாரிகளை நகர்த்தினாள். கழிவுநீர்க் குழாய்க்குள் கொதிநீர் ஊற்றினாள். குளிர்பெட்டியைக் கவிழ்க்காத குறையாகத் துடைத்தாள்.

ஆறு வயது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டில்மேல் நின்றாள்.

“அம்மா, யாரோ கெட்டுப் போயிட்டாங்க.”

“யாரோ இல்ல கண்ணு. ஏதோ கெட்டுப் போச்சு.”

“இல்லம்மா. யாரோதான்.”

கைப்பேசி அதிர்ந்தது. ‘திருத்தம் இரண்டு போட்டிருக்கிறேன். இப்போது எட்டுகிறதா?’

துடைப்பம் ஒரு கையில், வாளி ஒரு கையில். இப்போதுதானா இது? ஈர விரலால் தட்டினாள்: ‘முன்னேற்றம் தெரிகிறது. நுணுக்கங்கள் போதாது. இன்னும் சேருங்கள்.’

இந்தத் தடவை முதல் வரியைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஈக்கள் வந்தன.

ஜன்னல் மூடியிருந்தது. ஆனாலும் கண்ணாடியின் உள்பக்கம் அவை அப்பியிருந்தன. கொழுத்து, பச்சை மினுங்கும் ஈக்கள். விரட்டினால் பறக்கவில்லை, வயிறு நிறைந்தவை போலச் சோம்பலாக நகர்ந்து கொடுத்தன.

அலமாரிக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒரு கசிவு. துணி போட்டுத் துடைத்தாள். கோழையைப்போல நூல் நூலாக இழுபட்டது. துணியைப் பிழிந்தபோது விரலில் ஏதோ சுற்றிக்கொண்டது. நரைத்த, நீளமான மயிர். அதன் வேரில் காய்ந்த பசைபோல ஒரு துணுக்குத் தோல்.

ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

மகள் அன்று ரொட்டியைத் தொடவில்லை. பாலைத் தள்ளிவிட்டாள். ஒரு வாய் வைத்தாலும் குமட்டினாள். “சாப்பாட்டுலயும் அவங்க இருக்காங்கம்மா,” என்றாள். சாயங்காலத்துக்குள் குழந்தையின் கண்ணுக்குக் கீழே குழி விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள்.

“வயித்துல ஒண்ணும் தெரியலம்மா,” என்றார் டாக்டர். “ஆனா உடம்பு வறண்டு கிடக்கு. நாளைக் காலைக்குள்ள எதுவும் உள்ள போகலேன்னா சேர்த்துடுங்க, ஊசி வழியா ஏத்தணும். சின்ன உடம்பு. ரொம்பத் தாங்காது.”

“வீட்ல ஒரே நாத்தம் டாக்டர். என் துணியிலகூட அடிக்குதே?”

அவர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு அவளை விசித்திரமாகப் பார்த்தார். “சோப்பு வாசனைதாம்மா வருது.”

புருஷன் கப்பலில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை பேசினால் அதிகம். பக்கத்து வீட்டுக்காரியிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, அரைநாள் விடுப்புச் சொல்லக் கூடத்துக்குப் போனாள். மேசைமேல் காலையில் வந்த அச்சு ஒன்று, யாரோ ஒருவருடைய மேல்வாய். பழக்கத்தில் கையில் எடுத்தாள். பல் இருந்த குழிகளில் வெள்ளையாக ஏதோ. மாவுத் துணுக்கு என்று விரலால் தட்டினாள்.

அது நெளிந்தது.

ஒவ்வொரு குழியிலும் ஒன்று. பல் முளைப்பதுபோலத் தலை நீட்டின.

“என்னக்கா, முகம் வெளுத்துப் போச்சு?” என்றாள் அடுத்த மேசைக்காரி. அச்சை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “நல்லாத்தானே இருக்கு? சுத்தமா இருக்கு.”

அப்போதுதான் கைப்பேசி அதிர்ந்தது.

‘திருத்தம் மூன்று. நுணுக்கங்கள் சேர்த்திருக்கிறேன். இப்போது எட்டுகிறதா, பல்லக்கா?’

இன்னும் சேருங்கள் என்று கேட்டது அவள்தான்.

வீட்டுக்கு நடந்துகொண்டே, குழுவில் அவளுக்கு நெருக்கமான ஒரே ஆளைக் கூப்பிட்டாள். தச்சர். நிஜமாகவே தச்சர்தான், கதவு ஜன்னல் செய்வது போக மீந்த நேரத்தில் கதை.

“அண்ணே, ஓரத்து வீடு எழுதின கதையைப் படிச்சீங்களா?”

“அடியில கெடக்கே, அதுவா? திறந்தேன். செத்த வீட்டு நெடி அடிச்சுது. மூடிட்டேன்.” சிரித்தார். பிறகு சிரிப்பு தானாக நின்றது. “தப்புதான் தாயி. நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது.”

“யாருண்ணே அவங்க?”

“ஆறு வருஷமா குழுவுல இருக்காங்க. ஒரு கதைகூடப் போட்டதில்ல. சும்மா எல்லாருக்கும் பின்னூட்டம் எழுதுவாங்க. ரெண்டு பக்கம், மூணு பக்கம். வரி வரியா. என் கதையில ஒருத்தன் ஆணி அடிக்கிறான். அந்த இடத்துல ஆணி நிக்காது, மரம் பிளந்துக்கும்னு எழுதினாங்க. தச்சன் எனக்கே! போய் அடிச்சுப் பார்த்தேன். பிளந்துக்கிச்சு.” பிறகு கேட்டார்: “உன் மொதல் கதைக்கும் எழுதினாங்களே, மறந்துட்டியா? நீ குழுவை விட்டுப் போறேன்னு நின்னப்ப?”

மறந்துதான் போயிருந்தாள். இப்போது ஞாபகம் வந்தது. ‘எழுதுவதை விட்டுவிடாதீர்கள். ஐந்தாவது பத்தியில் ஒரு நல்ல எழுத்தாளர் எட்டிப் பார்க்கிறார்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

“ரெண்டு மாசமா யாருக்கும் அவங்க பின்னூட்டம் வரலே,” என்றார் தச்சர் மெல்ல. “ஏன்னு ஒருத்தரும் கேக்கலே. நானும் கேக்கலே. அப்புறம் ஒரு நாள் இந்தக் கதை வந்து கெடக்கு.”

வீட்டுக்கு வந்து குழந்தையை வாங்கிக் கட்டிலில் படுக்கவைத்தாள். உதடு வெடித்திருந்தது. நாற்றம் இப்போது அறையில் ஓர் ஆளைப்போல நின்றது. அதை விலக்கிக்கொண்டுதான் நடக்கவேண்டியிருந்தது.

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். நல்ல வெளிச்சம். வெளியே யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ‘கடவுளே, இவங்க எழுதினதைக் கடைசி வரைக்கும் படிக்க எனக்குத் தெம்பு கொடு’ என்று வேண்டிக்கொண்டு, இரண்டாவது வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

தனியாக இருந்த ஒரு பெண்மணி கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுகிறாள். இடுப்பு முறிகிறது. கைப்பேசி ஒரு முழம் தள்ளிக் கிடக்கிறது. கையை நீட்டுகிறாள். நீட்டிய கையோடு முதல் நாளே முடிந்துவிடுகிறாள். மிச்சப் பத்து நாளும் உடம்பு எழுதிய கணக்கு.

நான்காம் நாள் வயிறு ஊதி, ரவிக்கையின் கொக்கி ஒன்று தெறிக்கிறது. ஐந்தாம் நாள் வாயோரத்தில் ஈ முட்டையிடுகிறது. உமியைப்போலக் கொத்துக் கொத்தாக. ஏழாம் நாள் நீட்டிய கையின் தோல் கையுறைபோல நழுவுகிறது. ஒன்பதாம் நாள் கசிவு கதவுக்கு அடியில் போய் வராந்தாவைத் தொடுகிறது. எல்லாம் அடக்கமான, மரியாதையான நடையில். நடுவே ஒரு பத்தி: ‘பக்கத்து வீட்டாருக்குச் சங்கடம் கொடுப்பதற்கு மன்னிக்கவேண்டும்.’

இரண்டு தடவை ஓடி வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு வரி தாண்டவில்லை.

பக்கத்தில் தரையில் ஈரமாக எதுவோ நகர்ந்தது.

அவள் தலை தூக்கவில்லை.

காதருகே மூச்சு இல்லை. நாற்றம் மட்டும். யாரோ தோளுக்கு மேலாகக் குனிந்து கூடவே படிப்பதுபோல.

முடித்தாள். தட்டினாள்:

‘எட்டியது. முதலிலேயே எட்டியிருக்கும், நான் படிக்கவில்லை. படிக்காமலே இரண்டு தடவை குறை சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் சேர்த்த நுணுக்கம் எதுவும் தேவையில்லை. கொக்கி தெறிக்கும் இடம் ஒன்றே போதும். அந்த இடத்தில் அழுதேன். ஒரே ஒரு திருத்தம்தான் சொல்வேன். பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கும் பத்தியை எடுத்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை. நாங்கள்.’

அனுப்பினாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜன்னலில் இருந்த ஈக்கள் ஒவ்வொன்றாக, பொத்துப் பொத்தென்று விழுந்தன. எழுந்து ஜன்னலைத் திறந்தாள். காற்று வந்தது. ஈர மண் வாசனையும் சோப்பு நுரை வாசனையும் மட்டும்.

“அம்மா,” என்றது கட்டிலில் குரல். “பசிக்குது.”

ஓடிப்போய் வாழைப்பழம் உரித்தாள். குழந்தை மாவாகப் பிசைந்து தின்றது, இன்னொன்று கேட்டது. இரண்டாவதைக் கடித்தபோது ஆடிக்கொண்டிருந்த முன்பல் பழத்தோடு வந்துவிட்டது. பயந்து பார்த்தவள், அம்மாவின் முகத்தைக் கண்டதும் சிரித்துவிட்டாள். இவளும் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி சிரித்தாள். கடவுளுக்கு நன்றி சொன்னாள். தச்சருக்குச் சேதி அனுப்பினாள்: ‘அண்ணே, அந்தக் கதையைப் படிங்க. எல்லாரையும் படிக்கச் சொல்லுங்க. அவங்க வீடு எங்கேன்னு விசாரிப்போம்.’

குழந்தை தூங்கிப்போனாள். பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்தபோது, தன் கதைக்கு முதல் பின்னூட்டம் வந்திருப்பதைப் பார்த்தாள். இரண்டு பக்கம். வரி வரியாக. அவ்வளவு கனிவாக.

அதன் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு, அறைக்குள் திரும்பிப் பார்க்காமல் அப்படியே நின்றாள்.

‘மகள் வாய்விட்டுச் சிரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது எட்டவில்லை. அவள் பல் விழுந்த இடத்தில் நாக்கு நுனியை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சிரிக்கிறாள். தூக்கத்தில்கூட அப்படித்தான். இதோ, இப்போதும். அவசரமில்லை, பல்லக்கா, நிதானமாகத் திருத்துங்கள். நான் அவள் பக்கத்திலேயே இருக்கிறேன்.’