மடியை உதறிவிட்டுப் போ

என் அக்கா விஜயத்தைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதற்காக நான் திருமங்கலத்திலிருந்து கிளம்பிப் போனது 1936-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். மதுரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, குதிரை வண்டி பிடித்து, காளவாசலைத் தாண்டும்போது மணி மூன்று இருக்கும். அந்தக் காலத்தில் அங்கெல்லாம் செங்கல் சூளைகளும் தோப்புகளும்தான். முதல் நாள் மழையில் சூளைகள் அணைந்துபோய், ஈரச் சாம்பல் வாடை சாலை நெடுக வந்துகொண்டிருந்தது.

அத்திம்பேர் கைலாசநாதனுக்கு ஒரு சர்க்கார் ஆபீஸில் தஸ்தாவேஜுகளைப் பூட்டி வைக்கிற உத்தியோகம். அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற உத்தியோகம் அது. மனிதருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கல்யாணத்தன்று என் அப்பா கொடுத்த வெள்ளிக் கூஜாவைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அக்காவை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் அவர் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், நாம் எதையோ எடுத்து ஒளித்துவிட்டோமோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

இரும்புக் கதவில் இரண்டு திண்டுக்கல் பூட்டுகள் தொங்கின. நான் கூப்பிட்டதும் அத்திம்பேர் வந்து திறந்தார். வேலை முடிந்து போகக் காத்திருந்த தோட்டக்காரி முருகம்மாளைப் பார்த்து, "மடியை உதறிட்டுப் போ" என்றார். அவள் சேலை மடியைப் பிரித்து உதறிக் காட்டிவிட்டு, என்னை ஏறிட்டுப் பார்க்காமல் வெளியேறினாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அத்திம்பேர் கதவைச் சாத்தி, ஒவ்வொரு பூட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

டக். டக். டக்.

அரை ஏக்கர் தோட்டம். மதில் மேல் கண்ணாடிச் சில்லு, முருங்கை மரத்தைச் சுற்றிக் கருவேல முள், கிணற்று வாளிக்குச் சங்கிலி. கொய்யா மரத்தடியில் பழங்கள் விழுந்து அழுகிக் கிடந்தன. அந்த இனிப்பு நாற்றம் தொண்டையில் ஒட்டியது. ஒரு பழத்தில்கூட அணில் கடித்த அடையாளம் இல்லை. கிளியோ காக்கையோ அந்தத் தோட்டத்தில் இறங்கவே இல்லை என்பதை நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

நான்கு மூலையிலும் நான்கு வேப்பமரங்கள். ஒவ்வொன்றிலும் பனையோலை முடிச்சு ஒன்று, கறுப்புத் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

"இதென்ன அத்திம்பேர்?"

"கருப்பன் காவல்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். போகிற வருகிறவர்கள் கை சும்மா இருப்பதில்லையாம். கொடியில் உலர்ந்த வேட்டி போயிற்று, வாழைத்தார் போயிற்று, கிணற்றடியில் வைத்த தவலை, திரும்பிப் பார்ப்பதற்குள் போயிற்று. ஒரு நாயை வளர்த்தார். அது யார் இட்லி போட்டாலும் வாலாட்டியது. கடைசியில் அக்காவின் சீமந்தத்தன்று, உறவுக்காரர்கள் நிறைந்திருந்த வீட்டில், ஒரு பித்தளைத் தாம்பாளம் காணாமல் போயிற்று. "உங்க மனுஷாளும்தான் வந்திருந்தா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அதற்கு மறுவாரம்தான், சூளையில் வேலை பார்க்கிற, காவல் கட்டத் தெரிந்த முருகம்மாளின் புருஷன் அழகுமலையைக் கூப்பிட்டுக் காவல் கட்டியிருக்கிறார்.

"கட்டின நாலாம் நாள் விடிகாலம் வந்து பார்க்கறேன். ஒருத்தன் ரெண்டு தேங்காயைக் கக்கத்துல இடுக்கிண்டு, கேட்டுக்கு உள்பக்கம் நடந்துண்டே இருக்கான். கால் நடக்கறது, ஆள் நகரலை. தேங்காயைப் பிடுங்கினேன். ஒரே ஓட்டம்! அன்னிலேருந்து ஒரு துரும்பு வெளில போகலை, சாம்பு."

நான் சிரித்து வைத்தேன். சமையலறைக் கதவோரம் அக்கா நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அந்தி சாய்கிற நேரம், மறுநாளைக்கு வண்டி பேசிவிட்டு வரக் கிளம்பினேன். பூட்டைத் திறக்க அத்திம்பேர் முன்னால் போய்விட்டார். போகிற வழியில் கைக்கெட்டிய கொய்யாப்பழம் ஒன்றைப் பறித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். கொய்யா மரத்தைக் கண்டால் எனக்குக் கை நிற்காது.

கதவு திறந்திருந்தது. பத்தடி தூரம்தான்.

பத்து அடி வைத்தேன். கதவு அதே பத்தடி தூரத்தில் இருந்தது.

இன்னும் இருபது அடி வைத்தேன். செருப்புக்கடியில் மண் அரைபட்டது. பக்கத்திலிருந்த செம்பருத்திச் செடி பக்கத்திலேயே இருந்தது. எங்கிருந்தோ சுருட்டுப் புகை வாடை வந்தது. அத்திம்பேர் பொடிகூடப் போடாதவர்.

பிறகு என் கோட்டுப் பையை யாரோ வெளிப்பக்கமிருந்து மெல்ல அழுத்திப் பார்த்தார்கள்.

பழத்தை எடுத்து வீசினேன். அடுத்த அடியில் வாசலுக்கு வெளியே தடுமாறி விழப் போனேன். அத்திம்பேர் பூட்டைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயுமா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பயத்திலும் எனக்கு அவமானம்தான் பெரிதாக இருந்தது.

வண்டி பேசிவிட்டுத் திரும்பியதும் நேரே சமையலறைக்குப் போனேன். அக்கா அடுப்பு முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நோக்கும் ஆச்சா?" என்று கிசுகிசுத்தாள். "முருகம்மாளுக்கு ஒரு செம்பு மோர் குடுத்தேன். கேட்டைத் தாண்ட முடியலை அவளால. இப்போ இங்கேயே குடிச்சுட்டுப் போறா."

"காலம்பற நாம போயிடலாம் அக்கா."

"அதுதான் பயமா இருக்கு, சாம்பு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மாசமா நான் வெளில போகலை. கோவிலுக்குன்னு ரெண்டு தடவை கிளம்பினேன். கால் நகரலை. வளை, தோடு எல்லாம் கழட்டி வெச்சுட்டுப் போனேன். அப்பவும் நகரலை. இவர்கிட்ட சொன்னா, மாசமா இருக்கறவாளுக்குக் கால் வீக்கம் சகஜம்கறார். எனக்கு இங்கே பெத்துக்க வேண்டாம்டா. இந்த ஆத்துல வேண்டாம்."

தூரத்தில் பூட்டு இழுபடும் சத்தம் கேட்டது. மூன்று தடவை.

காலையில் வண்டி வந்து நின்றது. அக்காவின் பெட்டியை வண்டிக்காரன் கையில் கொடுக்க அத்திம்பேருக்கு மனசு வரவில்லை. தானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்துவிட்டு வந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போனேன்.

செம்பருத்திச் செடி வரைக்கும் வந்தோம்.

அதற்கு மேல் நான் போனேன்; அவள் வரவில்லை.

அவள் கால்கள் நடந்தன. மூச்சு வாங்கியது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "விடு, விடு! உள்ளே பிடிச்சு இழுக்கறது!" என்று அலறினாள்.

சுருட்டு வாடை குப்பென்று வந்தது. வெளியே குதிரை மிரண்டு கால் தூக்கியது.

முருகம்மாள் சூளைக்கு ஓடி அழகுமலையைக் கூட்டி வந்தாள். ஒல்லியான, பேச்சுக் குறைவான மனிதர். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்; எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே அடி வைக்கவில்லை.

"சாமி, காவல் கட்டுறப்ப நாலு மூலையிலயும் நின்னு வீட்டு ஆளுக பேரைச் சொல்லுங்க, இவுக இவுக எடுத்துட்டுப் போகலாம்னு சொல்லுங்கன்னு சொன்னேன்ல? நீங்க சொல்றது எங்காதுல விழக்கூடாதுன்னு நான் எல்லைக்கு வெளிய நின்னேன். யாரு யாரு பேரைச் சொன்னீக?"

அத்திம்பேர் சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"என் பேரைச் சொன்னேன்."

"பெறகு?"

"என் பேரைத்தான் சொன்னேன்."

"அம்மா பேரு?"

"அவ வரவா போறவாளுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் குடுத்துடுவா" என்றார். குரல் சின்னதாகிவிட்டது.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வருஷக் குடித்தனம். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"அவ கையில ஒண்ணுமே இல்லையே! நகையைக்கூடக் கழட்டியாச்சே!" என்று நான் கத்தினேன்.

அழகுமலை அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கையில இல்ல சாமி" என்றார் மெதுவாக. "வயித்துல இருக்குல்ல. அதுவும் இந்த வீட்டுச் சொத்துதானே. கட்டை அவுத்துருங்க. கட்டச் சொன்னவுகதான் அவுக்கணும், வேற ஆளு கை வைக்க முடியாது. நாலு முடிச்சு, அம்புட்டுத்தான்."

நான்கு முடிச்சு. ஐந்து நிமிஷ வேலை. அத்திம்பேர் வேப்பமரத்தைப் பார்த்தார், அழகுமலையைப் பார்த்தார், முருகம்மாளைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

"அவிழ்த்துட்டா, இன்னிக்கு ராத்திரியே வந்து வழிச்சுண்டு போகலாம்னு பார்க்கறேளா?" என்றார். பிறகு, "என் பேரைச் சொல்லியிருக்கேனே. நான் எடுத்துண்டு போனா விடுமா?"

"விடும்" என்றார் அழகுமலை.

வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூச்சப்படுகிற அந்த மனிதர், அக்காவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். பத்தடி தூரத்தை அவர் கடக்க எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாது. கழுத்து நரம்பு புடைத்தது. அவருடைய காலடிச் சத்தத்தோடு, அரை அடி பின்னால், இன்னொரு காலடிச் சத்தமும் கேட்டது. அதில் சலங்கை இருந்தது.

தாண்டிவிட்டார். அக்காவை வண்டியில் உட்கார வைத்தார். அவள் விசும்பி விசும்பி அழுதாள்.

"நீங்களும் வாங்கோ அத்திம்பேர்" என்றேன்.

"வீட்டை யார் பார்த்துப்பா?" என்றார்.

உள்ளே போய்ப் பூட்டினார். வண்டி திரும்பும்போது கேட்டது: டக், டக், டக்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. அனந்தலக்ஷ்மி என்று பெயர் வைத்தோம். அத்திம்பேர் புண்யாகவாசனத்துக்கு வரவில்லை. 'வீட்டை விட்டு வருவதற்கில்லை' என்று ஒரு கார்டு மட்டும் வந்தது. தை மாதம் அவருக்கு விஷ ஜுரம். செய்தி வந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அக்காவையும் குழந்தையையும் அழகுமலை வாசலிலேயே மறித்துவிட்டார். "உள்ள வராதீக தாயீ. வெளிய எடுத்துட்டு வர இனிமே ஆளில்ல." அக்கா வண்டியிலேயே உட்கார்ந்து, புருஷனைத் தூரத்திலிருந்து பார்த்து அழுதாள்.

பாடையை நாலு பேர் தூக்கினோம். முன்பக்கம் வலது தோள் நான். நல்ல பகல், உச்சி வெயில். செம்பருத்திச் செடி வரைக்கும் போனோம்.

நடந்தோம். நடந்துகொண்டே இருந்தோம்.

சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டார். என் தோளில் பாடை கனத்துக்கொண்டே வந்தது. சுருட்டு வாடைக்கு நடுவில் யாரோ பாடையின் மூங்கிலை, துணியை, முடிச்சை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பயத்தை மீறி அத்திம்பேர் மேல் எனக்கு இரக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. தன்னை எடுத்துக்கொண்டு போக ஒரு பெயரைக்கூட அவர் விட்டு வைக்கவில்லை.

அன்று மாலை கொய்யா மரத்தடியிலேயே அவருக்குக் கொள்ளி வைத்தேன். அஸ்திப் பானையும் வெளியே வரவில்லை. மரத்தில் கட்டிவிட்டு வந்தோம். வீட்டைப் பூட்டவில்லை, யாருக்கும் பூட்டத் தோன்றவில்லை. அங்கிருந்து இன்றுவரை எதுவும் களவு போனதில்லை என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அக்கா பூட்டைக் கையால் தொடுவதையே விட்டுவிட்டாள். குழந்தை வளர்ந்தது. நாலு வயது முடிகிற சமயம், ஒரு நாள் சாயங்காலம், கடைத்தெருவுக்குப் போகக் கிளம்பினேன். அனந்தலக்ஷ்மி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எட்டாத கையை எக்கி, கதவில் தொங்கிய பூட்டைப் பிடித்து இழுத்தாள்.

டக். டக். டக்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, மடியை உதறிட்டுப் போ."

அவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சிரித்துக்கொண்டே அவளைத் தாண்டிப் படியிறங்கக் காலை எடுத்து வைத்தேன். வைத்தேன். மறுபடியும் வைத்தேன்.

படி அங்கேயே இருந்தது. சுருட்டு வாடை வந்தது.

என் மடியில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் வேட்டி மடியைப் பிரித்து, குழந்தை பார்க்க உதறினேன். அதற்குப் பிறகுதான் கால் நகர்ந்தது.