நன்றி சொல்லும்வரை

மதியத் தூக்கத்திலிருந்து சுனில்டா விழித்தபோது பின்முற்றத்தில் யாரோ தெரரே உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கொம்புக் கிண்ணத்தில் பச்சிலைத் தூளுக்கு மேலே ஊற்றிய ஐஸ் தண்ணீர் தீரும்போது உலோகக் குழலின் அடியில் ஒரு கரகரப்பு கேட்குமே, அது. அந்த ஊரில் பிறந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவார்கள். தகரக் கூரை வெயிலில் விரிந்து டிக் டிக்கென்று முனகியது, வடக்குக் காற்று செம்மண்ணை வாரிக் கொண்டுவந்து சன்னல் கம்பிகளில் அப்பியது, மரத்தடியில் விழுந்து அழுகும் மாம்பழங்களின் இனிப்பு வாடை அறைக்குள் கனத்துக் கிடந்தது. தண்ணீர் ஊற்றும் ஓசை. கரகரப்பு. மறுபடி ஊற்றும் ஓசை. கேட்டுக்கொண்டே படுத்திருந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. ஒரே ஆள் தானே ஊற்றித் தானே குடித்தால் நடுவில் இவ்வளவு நேரம் பிடிக்காது. ஊற்றி, கைமாறி, உறிஞ்சி, திரும்பி வருகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

எழுந்துபோய்ப் பார்த்தாள். மாமரத்தடியில் மகள் ரொசியோ மட்டும் உட்கார்ந்திருந்தாள், மடியில் கைபேசி. அவளுக்கு இடப்பக்கம் சமையலறை முக்காலிகள் இரண்டு நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன.

"யாருடி வந்தா?"

"யாரும் வரலம்மா."

"அப்ப இந்த முக்காலியெல்லாம்?"

ரொசியோ தோளைக் குலுக்கினாள். சுனில்டா தரையிலிருந்த பெரிய தண்ணீர்க் குடுவையைத் தூக்கினாள். காலையில் ஆசிரியர் அறை முழுக்கக் குடித்தும் மிச்சம் வருகிற குடுவை. மதியம்தான் ஐஸ் போட்டு நிரப்பி வைத்திருந்தாள். ஒரு சொட்டு இல்லை.

"இத்தனையும் நீயா குடிச்சே? வயிறா, வாளியா அது?"

பதினோரு வயதுப் பெண் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ஐஸ் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டாள். யானினா காணாமல் போன இடத்திலும் இப்படித்தான் ஒரு குடுவை கிடந்தது. காலியாக.

யானினாவைப் பற்றிச் சொல்வதென்றால் சுனில்டா நடத்திய பாடத்திலிருந்து தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. சுனில்டா அந்த ஊர்ப் பள்ளியில் கணினி டீச்சர். இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று வருஷா வருஷம் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் பெஞ்சுக்கடியில் கைபேசியைத் தடவுவார்கள். சரி, பட்டால்தான் புரியும் என்று இந்த வருஷம் தானே ஒரு பொய்க் கணக்குத் தொடங்கினாள். பையனுக்கு இவான் என்று பேர் வைத்தாள். படத்துக்குத்தான் யோசித்தாள். உயிரோடிருக்கும் பிள்ளையின் முகத்தைத் திருடுவது பாவம் இல்லையா? நெடுஞ்சாலை ஓரத்தில், விபத்தில் போனவர்களுக்காக வைக்கும் சிலுவை ஒன்று இருந்தது, பக்கத்திலேயே பொம்மை வீடு மாதிரி ஒரு மாடத்தோடு. உள்ளே ஒரு பையனின் படம். பேர் எப்போதோ அழிந்துவிட்டது. குடும்பம் எந்தத் தேசத்துக்குப் பிழைக்கப் போனதோ, மே மாதச் சிலுவைத் திருநாளுக்குக்கூட யாரும் வந்து துணி சாத்துவதில்லை. கேட்க நாதியில்லாத முகம். யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்து அதைப் படமெடுத்துக்கொண்டாள். ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை.

கிட்டத்தட்ட வகுப்பு முழுவதும் இவானை நட்பில் சேர்த்துக்கொண்டது. உன் வீடு எங்கே, உங்கம்மா எப்போது தூங்குவார்கள் என்று, ஏமாற்றுக்காரன் கேட்கும் கேள்விகளை எல்லாம் அவள் யோசித்து யோசித்து எழுதிக் கேட்டாள். மற்றவர்கள் ஒன்றிரண்டுக்குப் பதில் சொல்லி விலகினார்கள். பதிமூன்று வயது யானினா மட்டும் மனசையே கொட்டிவிட்டாள். அதைத்தான் சுனில்டா வகுப்பில் படித்துக் காட்டினாள். பேரைச் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? 'அப்பா ப்யூனஸ் அயர்ஸ் போனதிலிருந்து அம்மா சாப்பிட்டதும் படுத்துடுவாங்க, அந்த நேரம் வீட்டில பேச ஆளே இல்ல' என்ற வரி வந்ததும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். யானினா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள், காதுமடல் வரை சிவந்து. பாடம் நன்றாகப் போனது என்று சுனில்டா நினைத்தாள். அப்படி நினைத்ததை இப்போது நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் மதியம் ஊஞ்சல் படுக்கையில் சாய்ந்திருந்தபோது இவானுக்கு ஒரு செய்தி வந்தது. 'நீங்க டீச்சர்தான்னு தெரியும். பரவால்ல. இவான் மாதிரியே பேசுங்க. யாராவது பேசணும்.'

சுனில்டா அதைப் படித்தாள். திங்கட்கிழமை தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று தோன்றியது. கண் சொக்கியது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

விழித்துப் பார்த்தபோது யானினாவின் செய்திக்குக் கீழே இவானின் பதில்கள் இருந்தன.

'டீச்சர் தூங்கிட்டாங்க.'

'நான் இவான்தான்.'

'உங்கம்மாவும் தூங்கறாங்க இல்ல? சிலுவைகிட்ட வா. தெரரே கொண்டு வா.'

அவளுடைய கைபேசி. அவளுடைய கணக்கு. அவள் எழுதாத எழுத்து. அந்த நேரத்தில் யானினாவின் அம்மா எமில்சேவைக் கூப்பிட்டு, உன் மகள் வீட்டில் இருக்கிறாளா பார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் செய்ததோ, யார் நம்புவார்கள், என் தலையில்தானே விடியும் என்று பதறி, அந்தக் கணக்கையே அழித்தது. சாயங்காலம் ஊரே யானினாவைத் தேடியது. சிலுவைக்குப் பக்கத்தில் குடுவை மட்டும் கிடைத்தது. போலீஸ்காரர் வந்து, அந்த இவான் கணக்கை என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, பாடம் நடத்திய அன்றைக்கே அழித்துவிட்டேன் என்றாள். குரல்கூட நடுங்கவில்லை.

அதையெல்லாம்விட எமில்சேதான் சுனில்டாவை உள்ளுக்குள் கொன்றாள். பள்ளி வாசலில் தினமும் நிற்கும் அந்தத் தாய், சுனில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லதுக்குத்தான் சொல்லிக்குடுத்தீங்க டீச்சர். எம்பொண்ணுதான் கேக்கல" என்றாள். சுனில்டா தலையாட்டினாள். பாவி, தலையாட்டினாள்.

இப்போது இந்தக் குடுவை. அன்று மாலை முழுவதும் ரொசியோவின் கைபேசியைப் பிடுங்கி வைக்க அவளுக்குக் கை துறுதுறுத்தது. பிடுங்கினால் ஏன் என்று மகள் கேட்பாள். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாளைக்குப் போலீஸிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பிடுங்கிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காலையில் பள்ளிக்குத்தான் போனாள். இடைவேளையில் ஆசிரியர் அறையில் தெரரே சுற்றியது. இருக்கிறவர்களில் இளையவர்தான் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கும் உள்ள வழக்கம், அதனால் புது எழுத்தர் பையன் மாட்டிக்கொண்டிருந்தான். போதும் என்கிறவர் நன்றி சொல்லிக் கிண்ணத்தைத் திருப்பித் தர வேண்டும். சொல்லாதவருக்கு மறுபடி மறுபடி வரும். கடைசி ஆளும் நன்றி சொல்லும்வரை ஊற்றுகிறவர் எழுந்திருக்கக் கூடாது. விளையாட்டு வாத்தியார் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் கிண்ணத்தை நீட்டி நீட்டி, மணி அடித்தும் அந்தப் பையனை எழவிடாமல் வம்பு செய்துகொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். சுனில்டா இரண்டே சுற்றில் நன்றி சொல்லிவிட்டாள். போலீஸ் நிலையத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வழி. வாசலில் காவலர் ஒருவர் நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னாள். நடந்துவிட்டாள்.

மதியம் ரொசியோ படுத்ததும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்குத் தூங்கக் கூடாது. வெயில் ஊரைக் குப்புறப் போட்டு அமுக்கியது. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. சிள்வண்டுகளின் இரைச்சல் ஒரே கம்பியாக நீண்டு காதுக்குள் போய்க்கொண்டே இருந்தது, வியர்வை முதுகில் வழிந்து நாற்காலியில் ஒட்டியது, மாம்பழ வாடை தொண்டையில் இறங்கியது, போய்க்கொண்டே இருந்த அந்தக் கம்பி எங்கோ ஓரிடத்தில்

அறுந்தது.

அமைதிதான் அவளை எழுப்பியது. ஒரு வண்டும் இல்லை. காற்றும் இல்லை. கதவு திறந்திருந்தது. சாவி இடுப்பிலேயே இருந்தது.

மடியில் அவளுடைய கைபேசி வெளிச்சமாக இருந்தது. அழித்த கணக்கு. அந்தப் பையனின் முகம். கீழே ரொசியோவோடு நடந்த பேச்சு.

'உங்கம்மா எப்ப தூங்குவாங்க?'

அவளே யோசித்து யோசித்து எழுதிய கேள்வி.

'இப்ப தூங்கறாங்க.'

'வா.'

ஓடினாள். செருப்பு போடவில்லை. செம்மண் கொதித்தது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. தெருவில் ஒரு ஆள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கரும்புத் தோட்டம். வளைவு. நெடுஞ்சாலை. ஒரு லாரிகூட இல்லை.

சிலுவைக்குப் பக்கத்தில் ரொசியோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

உயிரோடு. முழுசாக. சுனில்டா கடவுளே, கடவுளே என்று அழுதபடி போய் மகளின் தோளைப் பிடித்தாள்.

"எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

"எழுந்திருக்கக் கூடாதும்மா. நான்தானே ஊத்தறேன்."

இழுத்தாள். அந்த ஒல்லி உடம்பு அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். மண்ணில் ஊன்றிய தூணை இழுப்பது போலத்தான் இருந்தது.

ரொசியோ குடுவையைச் சாய்த்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். இடப்பக்கம் நீட்டினாள். அங்கே வெயில்தான் இருந்தது. அவள் பொறுமையாக நீட்டியபடியே இருந்தாள்.

தண்ணீர் இறங்கியது. கரகரப்பு.

கிண்ணத்தை எடுத்து மறுபடி ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் தள்ளி நீட்டினாள். இந்த முறை மெதுவாக இறங்கியது. கூச்சப்பட்டுக் குடிக்கும் பிள்ளை மாதிரி.

கரகரப்பு.

"இவங்க நன்றி சொல்லவே மாட்டேங்கறாங்கம்மா" என்றாள் ரொசியோ. களைத்திருந்தாள். "எனக்குக் கை வலிக்குது."

மறுபடி ஊற்றினாள். இந்த முறை கிண்ணம் சுனில்டாவிடம் வந்தது.

"யானினா கேக்கறா. அன்னிக்கு ஏன் பதில் போடலன்னு."

சுனில்டாவின் நாக்கில் பழைய பொய் தயாராக இருந்தது. நான் பார்க்கவில்லை. அன்றைக்கே அழித்துவிட்டேன். வாயைத் திறந்தாள். மகளின் விரல்நுனிகளைப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"பாத்தேன்" என்றாள். "பாத்துட்டுத்தான் தூங்கினேன்."

கிண்ணம் நீட்டியபடியே இருந்தது. உட்கார்ந்து அதை வாங்கினாள். தண்ணீர் ஐஸாக இருந்தது. குழலின் முனை மட்டும் இளஞ்சூடாக, ஈரமாக இருந்தது. குடித்தாள். கசந்தது.

நன்றி. ஒரே சொல். அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் எழுந்து போகலாம் என்று அவள் கால்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் மட்டும் போகலாம். ரொசியோ நிமிர்ந்து அம்மாவின் வாயையே பார்த்தாள்.

சுனில்டா உதட்டை இறுக்கிக்கொண்டு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

ரொசியோ ஊற்றினாள். இடப்பக்கம் நீட்டினாள். கரகரப்பு. இன்னும் தள்ளி நீட்டினாள். கரகரப்பு. குடுவை எவ்வளவு சாய்ந்தும் தீரவில்லை. சிலுவையின் நிழல் அதன் காலடியிலேயே கிடந்தது, ஒரு விரற்கடைகூட நகராமல். கிண்ணம் மறுபடி அம்மாவிடம் வந்தது.