கணுக்கால் விளக்கு

யாரும் கடக்காத மெட்டல் டிடெக்டர் வாசலில், ஆக அடியில் இருக்கும் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.

மலர்க்கொடி மட்டும்தான் அதைப் பார்த்தாள். சிதம்பரம் கீழவீதியில் அந்த நகைக்கடைக்கு மூன்று வருடமாக அவள்தான் காவல். மழைக்காக ஏழு மணிக்கே ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். ஈரச் சாக்கின் வாடையும், தகரத்தில் நீர் சொட்டும் சத்தமும், எதிர்க்கடைச் சாம்பிராணிப் புகையும் கதவிடுக்கு வழியே மெல்ல உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தன.

நான்கு நாளாக ஒரு ஜோடி குழந்தைக் கொலுசைக் காணோம். அன்றிலிருந்து, வேலை முடிந்து போகிறவர்கள் எல்லோரும் அந்த வாசலைக் கடந்துதான் வெளியேற வேண்டும்.

விற்பனைப் பெண் பவானி கடந்தாள். சத்தமில்லை. மலர்க்கொடி கடந்தாள். வாசல் கத்தியது. கணுக்கால் உயரத்து விளக்கு எரிந்தது.

"மெட்டியா இருக்கும் சார்."

"மெட்டிக்கெல்லாம் கத்தாதபடி நான்தான கொறச்சு வச்சிருக்கேன்," என்றார் சூப்பர்வைசர் அன்பரசு. "கால காட்டும்மா."

அவர் எடுத்த கைக்கருவியின் குணம் வேறு. பெரிய வாசல், இரண்டு தூண்களுக்கு நடுவே எது இருந்தாலும் அறியும். இதுவோ நாலு விரல்கடை நெருங்கினால்தான் பேசும். அவர் அவள் கால்களைச் சுற்றித் தடவினார். மெட்டியருகே சின்ன முனகல். கணுக்காலில் ஒன்றுமில்லை.

"கொலுசு காணாமப்போன அன்னிக்கி, மழையில நின்ன புள்ளைக்கு பிஸ்கட் குடுத்தேன்னியே?"

"ஆமா சார். தனியா நின்னுச்சு. உள்ள வந்து நில்லு தாயின்னேன்."

"கேமராவுல பாத்தேன். நீ குனிஞ்சு கைய நீட்டிக்கினு நிக்கிற. எதுர யாருமில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய யாருக்கு ஜாடை காட்டுன?"

பவானி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். முதுநகர் வீட்டில் மலர்க்கொடியின் இரண்டு பிள்ளைகள் இந்த வேலையை நம்பி இருக்கிறார்கள். பசித்த பிள்ளைக்குக் கொடுப்பது சாமிக்குக் கொடுப்பதுதான் என்று நம்பித்தான் அந்த ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். அதில் என்ன குற்றம்?

"திரும்ப நடம்மா."

நடந்தாள். இந்த முறை கவனித்தாள். அவள் கடக்கும்போது விளக்கு எரியவில்லை. கடந்து இரண்டடி போன பிறகுதான் எரிந்தது.

பின்னால் வந்த ஏதோ ஒன்றுக்கு.

அவர் கையிலிருந்த கருவியை வாங்கினாள். தனக்குப் பின்னால், தரையை ஒட்டி, வெறும் காற்றில் நீட்டினாள்.

கத்தியது.

சற்றுத் தள்ளி நீட்டினாள். அங்கும் கத்தியது.

இரண்டு கால்.

"என்னம்மா பண்ற?" என்றார் அன்பரசு.

அதைச் சுற்றி விலகி அவள் பின்வாங்கினாள். முதுகு வாசலுக்குள் நுழைந்தது. கணுக்கால் விளக்கு எரியவில்லை.

இடுப்பு விளக்கு எரிந்தது.

கருவியை இடது இடுப்புக்குக் கொண்டுபோனாள். முன்னால் கத்தியது. முதுகுப் பக்கமும் கத்தியது.

நடுவில் சத்தமில்லை.

இடுப்பில் ஏறிய பிள்ளையைத் தாங்குவதுபோல் அவளுடைய இடது கை தானாக மடிந்தது. அதில் கனம் இறங்கியது. தோளில், ஈரமான பிஸ்கட் தூள் உதிர்ந்தது.